மரத்தில் செய்த கோலெம் எப்படிச் சாகும்?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பிராக் நகரத்துக் களிமண் கோலெம் (மந்திரத்தால் உயிர் பெற்று நடமாடும் பொம்மை மனிதன்) கதையைக் கேட்டுவிட்டுத் தானும் ஒன்று எழுதுகிறாள். அவளுடைய கோலெம், ஆற்றங்கரை வில்லோ மரத்தின் பச்சைக் கிளைகளை முடைந்து செய்தது. "நெற்றி எழுத்தை அழித்தால் களிமண் விழுந்துவிடும், மரம் விழுமா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: விழாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

யூதர்களின் கதைப்படி, ரப்பி (யூத மதகுரு) யூதா லோவ் ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து கோலெமைச் செய்தார். அதன் நெற்றியில் 'எமெத்' என்று எழுதினார். எபிரேய மொழியில் அதற்கு 'உண்மை' என்று பொருள். முதல் எழுத்தை அழித்தால் 'மெத்' ஆகிவிடும், அதாவது 'செத்தது'. களிமண்ணுக்கு அது போதும். (ரப்பி 1609-இல் காலமானவர். அவரையும் கோலெமையும் முடிச்சுப் போட்ட கதை அச்சேறியதோ 19-ஆம் நூற்றாண்டில். அவ்வளவு பின்னால் ஒட்டிய கதை, உங்கள் மகள் தாராளமாகக் கை வைக்கலாம்.)

வில்லோவோ நம் முருங்கை மாதிரி. ஒரு போத்தை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். பட்டையில் எழுத்துச் செதுக்கினாலும் ஓரத்திலிருந்து புதுத் திசு வளர்ந்து காயத்தை மூடப் பார்க்கும். பாவம் ரப்பி, எழுத்தை அழிக்க அல்ல, அழியாமல் காக்கத்தான் அடிக்கடி உளியோடு ஏணி ஏற வேண்டியிருக்கும்!

இன்னொரு வம்பும் உண்டு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ரப்பி கோலெமின் உயிரை நிறுத்தி வைப்பாராம், ஓய்வு நாளில் அதுவும் வேலை செய்யக் கூடாதே. வாரம் ஒரு நாள் விடுப்பு களிமண்ணுக்குச் சரி. பிராக்கின் குளிரில் வில்லோ இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வசந்தம் வரை மொட்டையாகத் தூங்கும். நவம்பரில் கூப்பிட்டால் யார் எழுந்து வருவது? இதை வைத்தே அவள் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம்.

சாவுக்கு வருவோம். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு கோலெமாகத் துளிர்க்கும், அது ஆபத்து. நடக்கிற வரைக்கும்தான் அது கோலெம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கப் போகிறது. கரையில் வாத்துகளைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்கிறது, பிறகு இன்னும் கொஞ்ச நேரம். சேற்றுக்குள் கால்விரல்களிலிருந்து வெள்ளை வேர் இறங்குகிறது. விடிந்ததும் ரப்பி தேடிக்கொண்டு வருகிறார். கிளையில் குடத்தை மாட்டிக்கொண்டு ஒரு மரம் நிற்கிறது.