அதிபராக ஆசைப்படும் மகளுக்கு முதலில் நேரசூசி

மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிறாள், ஒரு பள்ளிக்கூடத்தைத் தலைமை தாங்கி நடத்துவதுதான் அவளுடைய ஆசை, முகாமைத்துவப் பட்டம் எடுத்தால் நேரே அதிபராகலாமா என்று உப்புவெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அம்மா. ஆக முடியாது. இலங்கை அதிபர் சேவையின் தொடக்கப் படியான மூன்றாம் தரத்துக்கு, ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு மட்டும் நடக்கும் போட்டிப் பரீட்சை மூலமே ஆள் எடுக்கிறார்கள். பட்டதாரிகள் வெளியிலிருந்து எழுதக்கூடியது கல்வி நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை. அதில் தெரிவானால் பெரும்பாலும் வலயக் கல்விப் பணிமனையில் உதவிக் கல்விப் பணிப்பாளராகத் தொடங்குவார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பெரிய 1ஏபி பாடசாலைகளுக்கு அந்தச் சேவையிலிருந்து அதிபர்கள் வருவதும் உண்டு.

எந்த வழியில் போனாலும் சில வருடங்கள் வகுப்பில் நின்று படிப்பித்த பிறகு போவதே நல்லது. சோக்குக்கட்டி பிடிக்காத அதிகாரியின் சொல்லை ஆசிரியர் அறையில் மரியாதைக்குக் கேட்பார்கள், அவ்வளவுதான். தேசிய கல்வியியற் கல்லூரி என்றால் இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. வவுனியா, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் மூன்றிலும் தமிழ்மொழி மூலம் உண்டு. பல்கலைக்கழகம் கிடைத்தால், பட்டம் முடித்து ஆசிரியராகி, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் எடுக்கலாம்.

தலைமைத்துவம் என்றதும் மேடைப்பேச்சையும் மாணவத் தலைவர் சின்னத்தையும் நினைக்கிறோம். பாடசாலையில் அது முதலில் தெரிவது நேரசூசியில். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை 360 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளை எட்டு என்று வைத்தால், அதற்கு 320 போக, காலைக்கூட்டத்துக்கும் இடைவேளைக்கும் மிஞ்சுவது 40. கிழமைக்கு ஒரு வகுப்புக்கு 40 பாடவேளை. இதைக் கட்டுகிற புதியவர்கள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் நல்ல இடங்களில் முதலில் போட்டுவிடுவார்கள். பிறகு தரம் 10, 11 தொகுதிப் பாடங்களுக்கு, அதாவது பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தெரிவு செய்யும் பாடங்களுக்கு, வரும்போது சிக்கும். சங்கீதம், நடனம், சித்திரம் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மூன்று ஆசிரியர்களும் அந்த நேரம் வேறெங்கும் இருக்கக்கூடாது. இடம் இராது, முழுவதையும் அழித்து மறுபடி தொடங்க வேண்டிவரும். ஆகவே தொகுதிப் பாடங்கள், இரு பிரிவுகளுக்குப் பொதுவான ஆசிரியர்கள், ஆய்வுகூடம் ஆகியவற்றை முதலில் அடைக்க வேண்டும். மற்றவை தானாக இடம்பிடிக்கும்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. நகரத்திலிருந்து பஸ் பிடித்து ஈச்சிலம்பற்றுக்கோ வெருகலுக்கோ போகிற கணித ஆசிரியருக்கு முதற் பாடவேளையைக் கொடுத்தால், பஸ் பிந்துகிற நாளெல்லாம் அந்த வகுப்புக்குக் கணிதம் இல்லை. கிழமைக்கு ஒன்று போனாலும் 12 கிழமைத் தவணையில் 480 நிமிடம், எட்டு மணித்தியாலம். விளக்கக் கடிதம் கேட்டு பஸ்ஸை வேகப்படுத்த முடியாது. முதற் பாடவேளையை அந்த ஊரில் இருப்பவருக்கு மாற்றுவது ஒரு பென்சில் வேலை. ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்பப்படுபவர் சும்மா உட்கார்ந்து கொப்பி திருத்துவதும் வழக்கமான நட்டம்தான். தரத்துக்கு ஒரு பயிற்சித்தாள் கட்டு அலுவலகத்தில் இருந்தால் அந்த 40 நிமிடம் வீணாகாது.

அடுத்தது வகுப்பு பார்ப்பது. இதில்தான் நல்லவர்களும் கெடுக்கிறார்கள். முன்னறிவிப்பில்லாமல் நுழைந்து, பாடக்குறிப்பைப் புரட்டி, ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவது மேற்பார்வை ஆகாது. முதல்நாள் ஆசிரியரோடு பேசி எதைப் பார்க்கப்போகிறோம் என்று ஒத்துக்கொண்டு, பின்வாங்கில் பாடவேளை முழுக்க இருக்க வேண்டும். கேள்விகள் எந்தப் பிள்ளைகளிடம் போகின்றன என்று வாங்கு வாங்காகப் புள்ளி போட்டு வந்தாலே பலதும் தெரியும். அநேகமாக முன்வரிசையில்தான் குவிந்திருக்கும். அன்றைக்கே பேசி, திருத்த ஒரேயொரு விஷயத்தைச் சொல்லி, இரண்டு கிழமையில் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது.

புள்ளிகளைப் பார்க்கும்போது சராசரியை நம்பக்கூடாது. முப்பது பிள்ளைகளில் பதினைந்து பேர் 80, பதினைந்து பேர் 20 எடுத்தாலும் சராசரி 50தான். தரம் 3இல் யாரால் வாசிக்க முடியவில்லை என்பது பெயர்ப் பட்டியலாக அதிபரின் மேசையில் இருக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பெற்றவர்களுக்குப் பதாகை கட்டுகிற பாடசாலைகளில்தான் அந்தப் பட்டியல் கிடையாது!

பணம் பற்றிச் சுருக்கமாக: அதிபரே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். பற்றுச்சீட்டு இல்லாமல் நூறு ரூபாயும் வாங்கக்கூடாது, வாங்கிய காசை வங்கியில் போடாமல் நேரே செலவழிக்கக்கூடாது. கள்ளம் செய்யாதவர்களும் விசாரணையில் மாட்டுவது இந்த இரண்டில்தான்.

சிங்களமும் கட்டாயம் படிக்கட்டும். மூவினமும் வாழும் மாவட்டம் இது. கூட்டமொன்றில் கந்தளாய் அதிபரோடு மொழிபெயர்க்க ஆள்வைத்துப் பேசினால் பாதி விஷயம் வழியிலேயே கொட்டிவிடும். அரச உத்தியோகத்தர் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

இப்போதைக்கு மாணவத் தலைவி பதவிக்காக அலைய வேண்டாம். ஏதாவது மன்றத்தில் செயலாளர் அல்லது பொருளாளர் வேலையை எடுக்கச் சொல்லுங்கள். கூட்டக்குறிப்பு எழுதிப் பழகுவாள், காசுக்குக் கணக்கு வைக்கவும் பழகுவாள். சகோதரத்துக்கோ அயல் பிள்ளைக்கோ ஒரு தவணை வாசிப்புச் சொல்லிக்கொடுத்தும் பார்க்கட்டும். அது அலுத்துப்போனால் இந்தத் துறை வேண்டாம் என்பதை இப்போதே அறிந்துகொள்ளலாம்.

கல்வியியற் கல்லூரி விண்ணப்ப அறிவித்தலை வர்த்தமானியிலும் கல்வி அமைச்சின் இணையத்தளத்திலும் பாருங்கள், முகநூலில் சுற்றும் படத்தை நம்பாதீர்கள். எந்தப் பாடநெறிக்கு எந்த உயர்தரப் பாடம் வேண்டும், வயது எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படும் என்பவை அதில் இருக்கும். அதற்கு முன்னர் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரணதரப் பெறுபேறு மூன்றிலும் மகளின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இந்த விடுமுறையிலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்த வேலையைத் தொடங்குங்கள்.