மிஷனும் சீஷத்துவமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மிஷன் வரலாறும் சீஷத்துவமும், அதாவது இயேசுவின் சீடராக வாழப் பழகுவதும், கற்பிப்பது என் வேலை. அந்த எல்லைக்குள் எதையும் கேளுங்கள். கடைசிக்காலக் கணக்கு, விசா, யாரைக் கல்யாணம் செய்வது, இந்த மூன்றும் மட்டும் என்னிடம் வேண்டாம்.

கடுகுவிதை: கிறிஸ்தவம் மேற்கத்திய மதம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உலகச் சபையில் பெரும்பாலோர் இப்போது ஐரோப்பாவில் இல்லை, அது மாறிவிட்டது என்கிறீர்களே, எவ்வளவு மாறியிருக்கிறது?

முதலில் கேலிக்குப் பதில். எத்தியோப்பியாவில் அக்சும் அரசன் எசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவன். ஐரோப்பாவில் இருக்கும் லித்துவேனியா ஞானஸ்நானம் பெற்றது 1387இல். உங்கள் நண்பர்களுக்கு இது போதும்.

மாற்றம் என்று பார்த்தால், 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010இல் அங்கே இருந்தது நான்கில் ஒரு பங்குதான். அதே நூறு வருடத்தில் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத நிலையிலிருந்து ஏறக்குறைய 24 ஆனது. இதைச் சொன்னால் கூட்டத்தில் கைதட்டு விழும். அப்போதெல்லாம் நான் ருவாண்டாவை நினைவூட்டுவேன். 1994இல் இனப்படுகொலை நடந்தபோது அங்கே மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தஞ்சம் என்று ஆலயத்துக்குள் ஓடியவர்களை ஆலயத்துக்குள்ளேயே வெட்டினார்கள். தலையை எண்ணாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மணி: 'சீஷராக்குங்கள்' என்றால் சரியாக என்ன ஐயா? ஞானஸ்நானத்தோடு முடிந்துவிடுகிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மத்தேயு 28:19, 20ஐக் கிரேக்கத்தில் பார்த்தால் நேரடியான கட்டளைச் சொல் ஒன்றே ஒன்று: 'சீஷராக்குங்கள்'. போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் அதைச் சார்ந்து நிற்கும் வினையெச்சங்கள். தமிழில் முற்றுவினை கடைசியில்தான் வந்தாக வேண்டும். அதனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் 'புறப்பட்டுப்போய்', 'சீஷராக்கி', 'ஞானஸ்நானங்கொடுத்து' எல்லாம் எச்சமாகி, 'உபதேசம் பண்ணுங்கள்' கட்டளையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் மேல் குற்றமில்லை, தமிழின் நடை அப்படி. ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் காதில் விழுந்தது 'போய்ப் பிரசங்கம் பண்ணு' என்பதுதான். கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு வாக்கியத்தை உடைத்து 'சீடராக்குங்கள்' என்று நிறுத்தியிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காக 'போகவே வேண்டாம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கட்டளைக்கு முன்னால் நிற்கும் அந்த 'போய்' என்பதற்கும் கட்டளையின் தொனி உண்டு.

இன்னொன்று, 'சகல ஜாதிகளையும்' என்பதில் உள்ள ஜாதி சாதி அல்ல, மக்களினம். அப்புறம் 'கைக்கொள்ளும்படி' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தெரிந்துகொள்ளும்படி என்று அங்கே இல்லை.

ஐந்தப்பம்: புது விசுவாசிகளை ஆறு மாதத்தில் சீஷராக்க நல்ல பாடத்திட்டம் சொல்லுங்கள்.

ஒரு பாடப்புத்தகத்தை நானே நடத்தியிருக்கிறேன். பன்னிரண்டு பாடம், ஒவ்வொன்றின் முடிவிலும் கோடிட்ட இடம். ஒரு தம்பி எல்லாக் கோட்டையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். 'மன்னிப்பு' பாடத்தில் முழு மதிப்பெண். சான்றிதழ் கொடுக்கும் நாளில், "அண்ணனோடு பேசிவிட்டாயா?" என்று கேட்டேன். சொத்துத் தகராறில் நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் நிஜமாகவே குழம்பிப்போய், "அது புத்தகத்தில் இல்லையே ஐயா" என்றான். பிழை அவனுடையதல்ல, நடத்திய என்னுடையது. இப்போது இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தைப் படிக்கிறோம், போன வாரம் படித்ததில் எதைச் செய்தோம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் முடிவதில்லை.

வெளிச்சவீடு: அந்திக்கிறிஸ்து எந்த நாட்டிலிருந்து வருவான்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

பழைய துருத்தி: சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே நடத்தி, தானே பரவ வேண்டும் (சுய ஆதரவு, சுய நிர்வாகம், சுய பரம்புதல்) என்ற மூன்று 'சுய' கொள்கை வசதியான சபைகள் கைகழுவக் கண்டுபிடித்த வழி. ஒரே சரீரம் என்றால் இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டாமா?

கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கொள்கை பிறந்தது வேறு நோக்கத்தில். இங்கிலாந்தில் ஹென்றி வென், அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சன், மிஷன் சங்கச் செயலாளர்களான இருவரும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சொன்னது: மிஷனெரி என்பவர் சாரம் மாதிரி, கட்டடம் எழும்பியதும் கழற்றிவிட வேண்டும். வென் ஆதரித்த மனிதர்தான் சாமுவேல் அஜாயி கிரௌதர். 1821இல் சிறுவனாக அடிமையாகப் பிடிக்கப்பட்டு, மறுவருடம் கடலில் மீட்கப்பட்டவர். யொரூபா மொழி வேதாகமத்துக்கு உழைத்தவர். 1864இல் ஆங்கிலிக்கன் பேராயரானார், முதல் ஆப்பிரிக்கர். வென் 1873இல் இறந்தார், காற்றும் மாறியது. 1890இல் இன்றைய நைஜீரியாவின் ஒனிட்சாவில் ஒரு கூட்டம். கிரௌதருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும், தலைமை நாற்காலியில் இருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த இளைஞர்கள் அவர் கண்முன்னேயே அவருடைய ஊழியர்களை இடைநீக்கம் செய்கிறார்கள், அவர் மகனையும் சேர்த்து. கிழவர் குழுவிலிருந்து விலகினார், மறுவருடக் கடைசி நாளில் இறந்தார். அடுத்த பேராயராக வந்தவர் ஐரோப்பியர். அது என்ன குழு தெரியுமா? நிதிக் குழு.

பழைய துருத்தி: அது இனவெறி. பணத்தின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? பவுல் எருசலேமுக்குக் காணிக்கை சேர்க்கவில்லையா? 2 கொரிந்தியர் 8, 9.

இனவெறி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உட்கார இடம் கொடுத்தது நிதிக் குழு. காணிக்கை விஷயத்தில் பணம் போன திசையைப் பாருங்கள். மக்கெதோனியாவும் அகாயாவும் மிஷன் களங்கள். அங்கிருந்து எருசலேம் தாய்ச்சபைக்குப் போயிருக்கிறது! இன்று அந்தத் திசையில் பணம் போனால் உங்களோடு சேர்ந்து நானும் உண்டியல் குலுக்குவேன்.

ஐந்தப்பம்: பிலிப்பி சபை பவுலுக்கே அனுப்பியதே?

நல்ல பிடி. ஆனால் பவுல் அதை வாங்கியது வேறு ஊரில் இருந்தபோது. எந்த ஊரில் ஊழியம் செய்தாரோ அந்த ஊருக்குப் பாரமாக இருக்கவில்லை. கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார். 1890இல் சீனாவிலிருந்து ஜான் நீவியஸ் என்ற மிஷனெரி இரண்டு வாரம் சியோலுக்குப் போய், சபைகள் தங்கள் ஊழியரைத் தாங்களே தாங்கட்டும் என்றார். கொரியாவில் இருந்த இளம் மிஷனெரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொரிய சபை வளர வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இன்று அதிக மிஷனெரிகளை அனுப்பும் நாடுகளில் அதுவும் ஒன்று.

பழைய துருத்தி: ஆறு ஏழைக் குடும்பம் உள்ள சபை போதகருக்கு எதை வைத்துச் சம்பளம் கொடுக்கும்? நேராகச் சொல்லுங்கள்.

கொடுக்க முடியாது. போதகர் வேலைக்குப் போகட்டும். பஞ்சம், வெள்ளம் என்றால் வெளியிலிருந்து தாராளமாக வரட்டும், யூதேயாவுக்காக அந்தியோகியா சபை செய்தது அதுதான். மாதச் சம்பளம் வெளியிலிருந்து வந்தால் போதகரின் கண் சபையை விட்டு அறிக்கை அனுப்பும் முகவரிக்குப் போய்விடும். அறிக்கையில் எண்ணிக்கை கேட்பார்கள். எண்ணிக்கை வீங்கும். தலை எண்ணாதீர்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். 1971இல் கென்யாவின் சபைத் தலைவர் ஜான் கட்டு, மிஷனெரிகளும் பணமும் சில வருடங்களுக்காவது நிற்கட்டும், நாங்கள் எங்கள் காலில் நின்று பார்க்கிறோம் என்றார். பெரிய கூச்சல் எழுந்தது. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். அந்தப் போதகர் நோயில் விழுந்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

அத்திமரம்: ஒரு வருடத்தில் சீஷராக்கப் பாடத்திட்டம் உண்டா?

ஐந்தப்பத்துக்குச் சொன்னதேதான்.

நாலாம் ஜாமம்: உலகின் தெற்கிலிருந்து, அதாவது ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து, மிஷனெரிகள் ஐரோப்பாவுக்குப் போகிறார்களே, பலன் உண்டா?

லண்டனில் ஞாயிறன்று நிரம்பி வழியும் சபைகளில் பல ஆப்பிரிக்கர் தொடங்கியவை. ஆனால் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊர்க்காரர்களே. அந்த மண்ணின் மக்களைத் தொடுவது இன்னும் கடினமாகவே இருக்கிறது. கத்தோலிக்கத் தரப்பில் 2025இல் வந்த போப் பதினான்காம் லியோவைப் பாருங்கள். சிகாகோவில் பிறந்தவர், பெருவில் மிஷனெரியாகவும் ஆயராகவும் இருந்தவர், பெரு நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அவரை வடக்கில் சேர்ப்பீர்களா, தெற்கிலா?

நற்செய்திப்பிரியன்: மூன்று மாதப் பாடத்திட்டம்...

இல்லை தம்பி. இல்லவே இல்லை.

மாலைநேரம்: எனக்கு 68 வயது. எங்கும் போக முடியாது. பக்கத்து வீட்டில் வெளிநாட்டு மாணவர்கள் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

அம்மா, இன்று வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, 'ஏழைகளுக்குப் பொருள் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்றார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் அந்த நான்கு பெயரையும் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள், சமையல் எப்படி இருந்தாலும். முதல் நாளே துண்டுப்பிரசுரம் வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதவும் வேண்டாம்.