வீட்டுக்கு நெட்வொர்க் கேமரா (வீட்டு நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கண்காணிப்புக் கேமரா) வாங்கி நாமே பொருத்திக்கொள்ள முடியுமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக முடியும். ஆறு ஆண்டுகளாக என் வீட்டில் இயங்கும் மூன்று கேமராக்களையும் நானேதான் பொருத்தினேன். ஆனால் முதல் கேமராவை வைத்த இடம் தவறு என்பது, வாசலில் நின்ற மிதிவண்டி திருடுபோன மறுநாள்தான் எனக்குப் புரிந்தது. யார் கைக்கும் எட்டக்கூடாது என்று அதை நான்கு மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தேன். பதிவில் ஒருவர் வருவதும் பூட்டை உடைப்பதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதும் தெளிவாகத் தெரிந்தன. அவருடைய தொப்பி தெரிந்ததே தவிர, முகம் ஒரு நொடிகூடத் தெரியவில்லை.

ஆகவே, எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, முகம் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும் என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 2014ஆம் ஆண்டு 62676-4 தரநிலை தரும் அளவு. அந்தக் கணக்குப்படி, 1920 பிக்சல் அகலமுள்ள படம் ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலத்துக்கு மட்டுமே போதும். பரவலாகக் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 பாகைக்கும் மேல் விரிந்து பார்ப்பதால், மூன்று மீட்டர் தொலைவிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. முற்றம் முழுவதையும் பார்க்க அகன்ற லென்ஸ் சரி. வாசலில் வருபவரின் முகத்துக்கோ, பார்வை குறுகலான 4 அல்லது 6 மி.மீ. லென்ஸை இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் வைப்பதே பயன் தருகிறது. கூரை விளிம்புக்கும் வெள்ளைச் சுவருக்கும் மிக அருகில் வைத்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அங்கேயே பட்டுத் திரும்பி, படத்தை வெளுக்கச் செய்துவிடும். சிலந்தி வலையும் அதே தொல்லையைத் தரும்.

பேட்டரியில் இயங்குபவை தவிர, வைஃபை கேமராவுக்கும் மின்கம்பி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எப்படியும் ஒரு கம்பி இழுக்கத்தான் வேண்டுமென்றால், படத்தையும் மின்சாரத்தையும் ஒரே ஈதர்நெட் கேபிளில் கொண்டுசெல்லும் பிஓஇ முறையையே நான் பரிந்துரைப்பேன். 100 மீட்டர் நீளம் வரை அது சிக்கலின்றி வேலை செய்யும்.

சேமிப்புக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்தால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 43 ஜிபி ஆகும். 128 ஜிபி மெமரி கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் சேர்ந்தே போய்விடும் என்பதால், வீட்டுக்குள் மறைவாக எல்லாக் கேமராக்களின் படத்தையும் நெட்வொர்க் வழியாகப் பெற்றுச் சேமிக்கும் ஒரு என்விஆர் பதிவுக்கருவி இருப்பது நல்லது. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆன்விஃப் (ONVIF) என்ற பொதுத் தரத்தை ஏற்கும் கேமராவாகப் பார்த்து வாங்கினால், பிற்காலத்தில் வேறு நிறுவனத்தின் பதிவுக்கருவியோடும் அதைப் பெரும்பாலும் இணைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது பாதுகாப்பைத்தான், ஏனெனில் நெட்வொர்க் கேமரா என்பது லென்ஸ் பொருத்திய ஒரு கணினி. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களுக்குள்ளும் பதிவுக்கருவிகளுக்குள்ளும் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவை, இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. எனவே கேமராவைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருளை) புதுப்பித்து, ரௌட்டரில் யுபிஎன்பி வசதியை, அதாவது கருவிகள் தாமாகவே வெளி வழியைத் திறந்துகொள்ள விடும் வசதியை, அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவைக்காதீர்கள். விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து பாருங்கள். என் கேமராக்களுக்கு நான் இணையத் தொடர்பையே தருவதில்லை. அப்படிச் செய்தால் அவற்றின் கடிகாரம் மெல்லப் பிசகும் என்பதால், நேரத்தைப் பதிவுக்கருவியிடமிருந்து பெறும்படி அமைத்திருக்கிறேன். நேரம் தவறாக உள்ள பதிவைக் கொண்டு, நடந்ததை யாரிடமும் நிறுவுவது கடினம்.

பொருத்தி முடித்த பிறகு பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் நீங்களே வாசல் வழியாக நடந்து வந்து, பதிவை எடுத்துப் பாருங்கள். நேரலைப் படம் நன்றாக இருப்பதும் பதிவு ஒழுங்காகச் சேர்வதும் வெவ்வேறு. நான் பக்கத்து வீட்டு அம்மாவையும் அழைத்துத் திரையைக் காட்டினேன். ஓரத்தில் அவர்களுடைய சமையலறைச் சன்னல் தெரிந்தது. கேமராவின் மறைப்பு வசதியைக் கொண்டு அந்தப் பகுதியை அவர் முன்னிலையிலேயே கறுப்பாக்கிவிட்டேன்.