அரிவாள் செல் சோகையும் ஒரு தடுப்பூசி அட்டையும்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். பல்கலைக்கழகங்களின் மருத்துவக் கண்டுபிடிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் ஆறாம் வகுப்பில் பணியர் குடியைச் சேர்ந்த ஒரு மாணவனுக்கு அரிவாள் செல் சோகை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய். கைகால் வலியால் பல நாட்கள் வருவதில்லை. எங்கோ இருக்கும் பல்கலைக்கழகங்கள் இவனுக்கு என்ன கொடுத்துவிட்டன?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அவன் நோயை உறுதியாகக் கண்டறியும் வழியும், அவன் உயிரைக் காக்கக்கூடிய ஒரு தடுப்பூசிக்கான வழியும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில்தான் திறந்தன.

1949இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லைனஸ் பாலிங் குழுவினர், இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) மின்புலத்தில் மற்றவர்களுடையதைப் போல் நகர்வதில்லை என்று கண்டனர். அந்தப் புரதத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருப்பதே காரணம் என்று 1957இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் காட்டினார். இதற்கிடையே 1952இலேயே ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபுக்கூறு இருப்பதை வெளியிட்டிருந்தனர்.

கூடலூரில் ஒரு முகாமில் முதற்கட்டச் சோதனையை அருகில் நின்று பார்த்தேன். கரைசல் உள்ள சிறு குழாயில் ஒரு சொட்டு இரத்தத்தை விட்டு, கோடு போட்ட அட்டையைப் பின்னால் பிடித்தார்கள். கோடுகள் தெரிந்தால் கவலையில்லை, கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை நோயாளியா, மரபைச் சுமப்பவர் மட்டும்தானா என்பதை அது சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலிங் காட்டிய மின்புல வழி அதற்கு இன்றும் பயன்படுகிறது.

தடுப்பூசிதான் இன்னும் முக்கியம் என்பேன். இந்நோயில் மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துவிடுவதால், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் பெருகி ஒரே நாளில்கூட உயிரைப் பறித்துவிடும். இக்கிருமிகளின் மேலுறை சர்க்கரைப் பொருளால் ஆனது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதை எதிரியாக அடையாளம் காண்பது அரிது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் போர்ட்டர் ஆண்டர்சன், டேவிட் ஸ்மித் ஆகியோரின் குழு, இதேபோன்ற மேலுறை கொண்ட, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமியின் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்து, குழந்தையின் உடல் அதை அடையாளம் காணும்படி செய்தது. பின்னர் வந்த நிமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசியும் இதே வழியில் உருவானதுதான்.

ஹிப் தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழகத்துக்கு 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி இங்கே அரசு அட்டவணையில் சேர்ந்ததோ 2021இல். உங்கள் மாணவன் கைக்குழந்தையாக இருந்தபோது அது அட்டவணையில் இல்லை. அவனுடைய தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் இல்லையென்றால், இப்போது எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பதை அவன் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.