கடை வெந்நீரில் கப் நூடுல்ஸ்: 3 நிமிடம் ஏன் போதவில்லை?

கேள்வி: மேற்படிப்புக்காகத் தென் கொரியாவுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இரவில் விடுதிக்குத் திரும்பும் வழியில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கப் நூடுல்ஸ் வாங்கி, அங்கேயே வெந்நீர் பிடித்துச் சாப்பிடுகிறேன். கப்பில் போட்டிருக்கும் 3 நிமிடம் காத்திருந்தும் நூடுல்ஸ் நடுவில் நறுக்கென்று இருக்கிறது. காரமான வேறொரு வகையை வாங்கியபோது, சாறு சப்பென்று ஆகி வீணாகிவிட்டது. மாட்டிறைச்சி சேராத கப்பை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் முதல் கப்பில் தண்ணீரின் சூடு போதவில்லை, இரண்டாவது கப்பில் தண்ணீரை வடித்திருக்க வேண்டும்.

கப்பில் இருக்கும் நூடுல்ஸ் வேகாத மாவு அன்று. தொழிற்சாலையிலேயே அதை ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து ஈரத்தை நீக்கிவிடுகிறார்கள். பொரியும்போது நீர் ஆவியாகி வெளியேறிய இடங்களெல்லாம் இழைக்குள் நுண்துளைகளாக நின்றுவிடுகின்றன. நாம் ஊற்றும் வெந்நீர் அந்தத் துளைகளின் வழியே இறங்கி இழையை மீண்டும் இளக்குகிறது. அடுப்பில் கொதிக்கவைக்கும் பாக்கெட் வகையைவிடக் கப் நூடுல்ஸின் இழை மெல்லியதாக இருப்பதற்கும் இதுவே காரணம். சிறிய கப்புக்கு 3 நிமிடம், பெரிய கிண்ணத்துக்கு 4 நிமிடம் என்று பொதுவாக அச்சிடுவது கொதிக்கும் நீரைக் கணக்கில் வைத்துத்தான். கடை மூலையில் இருக்கும் வெந்நீர் இயந்திரமோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கீழேதான் வைத்திருக்கும். உங்களுக்குச் சற்று முன்பு நாலைந்து பேர் பிடித்துச் சென்றிருந்தால், புதிதாக இறங்கிய தண்ணீர் சூடேறுவதற்குள் உங்கள் கப் நிரம்பிவிடும்.

ஆகவே, கூட்டமாக இருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பிடியுங்கள். மூடியைப் பாதிவரை மட்டும் திறந்து, பொடியையும் உலர்ந்த காய்கறித் துணுக்குகளையும் முதலில் நூடுல்ஸின் மேல் தூவிவிட்டு, கப்பின் உட்சுவரில் தெரியும் கோடுவரை நீரை ஊற்றுங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் உப்பும் காரமும் நீர்த்துப்போகும். குறைந்தால் மேலே நிற்கும் இழைகள் ஊறாது. பிறகு மூடியை அழுத்தி மூடி, சாப்பிடத் தரும் மரக் குச்சிகளை (சாப்ஸ்டிக்ஸ்) இரண்டாகப் பிரிக்காமல் கவ்வி போல விளிம்பில் செருகிவிட்டால் ஆவி வெளியேறாது. குச்சிகள் கண்ணில் படவில்லையென்றால், கல்லாவில் இருப்பவரிடம் ‘ஜொக்கராக் ஜுசேயோ’ (குச்சி கொடுங்கள்) என்று கேளுங்கள். அச்சிட்ட நேரத்தோடு ஒரு நிமிடம் சேர்த்துக் காத்திருங்கள். இடையில் திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு போகும். திறந்ததும் அடியிலிருந்து மேலாக நன்றாகப் புரட்டிவிட்டு, இன்னும் அரை நிமிடம் விட்டால் இழை முழுவதும் ஒரே பதமாக வந்துவிடும்.

கடையில் மைக்ரோவேவ் இருந்தால் அதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. தண்ணீர் உள்ளே உண்மையாகவே கொதிப்பதால், நூடுல்ஸ் அடுப்பில் வைத்த மாதிரி குழைவாகவும் இழுவையாகவும் வருகிறது. ஆனால் எல்லாக் கப்பையும் அதில் வைக்கக் கூடாது. காகிதக் கிண்ணத்தில் ‘ஜொன்ஜா ரெஞ்சி’, அதாவது மைக்ரோவேவ், ஏற்றது என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே வைக்கலாம். தெர்மாகோல் போல இருக்கும் வெள்ளைக் கிண்ணங்கள் சூட்டில் உருகக்கூடியவை. உள்ளே வைப்பதற்கு முன் அலுமினியப் படலம் கொண்ட மூடியை முழுவதும் கிழித்தெடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பொறி பறக்கும். நேரத்தை 700 வாட், 1000 வாட் என்று இரண்டாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். கடை இயந்திரங்கள் பெரும்பாலும் 1000 வாட் என்பதால் குறைந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கப். கொரிய வகைகளில் சாறுள்ளவை ஒரு பக்கம், சாறில்லாமல் பிரட்டிச் சாப்பிடுபவை ஒரு பக்கம். பெயரில் ‘பொக்கும்’ (வறுவல்) என்றோ ‘பிபிம்’ (பிசைதல்) என்றோ வந்தால், அதில் ஊற்றும் வெந்நீர் இழையை இளக்குவதற்கு மட்டுமே. சம்யாங் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த புல்டாக் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நேரம் முடிந்ததும், மூடியில் குறித்திருக்கும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து, கப்பை மெல்லச் சாய்த்து நீரை வடித்துவிட்டு, அதன் பிறகே சாஸைப் பிழிய வேண்டும். நான் ஒட்டச் சுரண்டி வடிப்பதில்லை. இரண்டு மேசைக்கரண்டி அளவு நீர் அடியில் நின்றால் சாஸ் கட்டிதட்டாமல் ஒவ்வோர் இழையிலும் பிடிக்கும். காரம் தாங்கவில்லை என்றால் தண்ணீரால் பயனில்லை, ஏனெனில் மிளகாயின் காரப்பொருள் நீரில் கரையாது; பாலில் உள்ள புரதம் அதைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து அகற்றும். ஒரு துண்டு சீஸை மேலே கிள்ளிப் போட்டுக் கிளறுவதும், வாழைப்பழச் சுவைப் பாலை உடன் குடிப்பதும் அங்கே பழக்கமாகிவிட்டதற்கு இந்த வேதியியலே அடிப்படை.

சில கப்களில் ஒரு சிறு உறையின் மேல் ‘ஹுச்சொம்’ என்று இருக்கும். பின்னால் சேர்க்க வேண்டியது என்று பொருள். அது பெரும்பாலும் வாசனை எண்ணெயாகவோ மணப்பொடியாகவோ இருக்கும். முன்கூட்டியே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

இறைச்சி விஷயத்தில் படத்தை நம்பாதீர்கள். கேரட்டும் வெங்காயத்தாளும் மட்டும் படத்தில் தெரியும் கப்பின் பொடியிலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். புகழ்பெற்ற ஷின் ராம்யோனின் கொரியத் தயாரிப்பே அதற்கு உதாரணம். கப்பின் பின்புறத்தில், மூலப்பொருள் பட்டியலுக்கு அருகில், ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருள்களைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். ‘கோகி’ என்றால் இறைச்சி. ‘ஸ்வேகோகி’ மாடு, ‘த்வெஜிகோகி’ பன்றி, ‘தக்கோகி’ கோழி. எழுத்துப் பழகும்வரை பாப்பாகோ போன்ற மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை அந்த இடத்தில் காட்டிப் பாருங்கள். இந்த மூன்றும் இல்லாததாலேயே அது சைவம் ஆகிவிடாது. நெத்திலி, இறால், சிப்பி ஆகியவை சாற்றுக்கு அடிப்படையாக அடிக்கடி சேர்கின்றன.

வெந்நீர் நிறைந்த கப்பை இயந்திரத்திலிருந்து மேசைக்கு எடுத்துச் செல்லும்போது விளிம்பை இறுக்கிப் பிடிக்காமல், அடியில் ஒரு கையைக் கொடுத்துக் கொண்டுபோங்கள். காகிதக் கிண்ணம் அமுங்கினால் நீர் கையில் தெறிக்கும். மூடி முழுவதுமாகக் கிழிந்து வந்தால் அதைக் கூம்பாகச் சுருட்டி, கொரியர்கள் செய்வதுபோல அதில் சிறிது சிறிதாக எடுத்து ஆறவைத்துச் சாப்பிடலாம். சாறு முழுவதையும் குடித்துவிட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பெரிய கிண்ணத்தின் சாறு அதில் கணிசமான பங்கைத் தனியாகவே எடுத்துக்கொள்ளும். மீந்ததைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், கடையில் அதற்கென்று வைத்திருக்கும் தனி வாளியில் ஊற்றிவிட்டு, வெறும் கப்பை மட்டும் தொட்டியில் போடுங்கள்.