தந்தி கட்டிய பறை

வணக்கம் சார்,

நான்கு வருடமாக வட கரோலினாவில், ராலேயில் இருக்கிறேன். சின்ன வயதில் ஆறு வருடம் வீணை கற்றுக்கொண்டவள். போன வருடம் ஒரு உழவர் சந்தையில் ஏழெட்டுப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஃபிடிலும் (வயலின்தான்) பான்ஜோவும் வாசித்ததைக் கேட்டேன். ஒரே மெட்டைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். யாரும் தனியாக எடுத்து வாசிக்கவில்லை. முதலில் அலுப்பாக இருந்தது, பிறகு எழுந்து போக முடியவில்லை. அப்பலாச்சியத் தொடரின் வெள்ளைக்கார மலை விவசாயிகள் கையில் காசில்லாததால் தாங்களே செய்துகொண்ட கருவிகள் இவை என்று படித்தேன். அந்த எளிமை பிடித்துப்போய் நானும் சுரைக்குடுக்கையும் ஆட்டுத்தோலும் வாங்கி ஒரு பான்ஜோ செய்தேன். சத்தம் போதாதே என்று கிடார் ஸ்டீல் தந்தி கட்டினேன். நாதம் நிற்கவே இல்லை, மீட்டிய உடனே செத்துவிடுகிறது. மழை நாளில் மொத்தமாக மங்கிவிடுகிறது. தந்தி தண்டியில், அதாவது கழுத்துக் கட்டையில், பட்டு இரைகிறது. தோல் மேல் தந்தியைத் தாங்கும் குதிரை நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒட்டிவிட்டேன். தோல் ஈரம் இழுக்காமல் இருக்க வார்னிஷ் பூசலாமா? பின்பக்கம் ரெசனேட்டர் என்ற மூடி வைத்த கடை பான்ஜோ வாங்கிவிடு என்கிறார் நண்பர். மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர் என்ற தந்திக்கருவியும் ஒரு யோசனை. இந்த இசையில் எந்தப் பதிவுகளிலிருந்து கேட்கத் தொடங்குவது என்பதுதான் என் முக்கியமான கேள்வி.

எம்.

அன்புள்ள எம்.,

முக்கியமான கேள்வி என்று கடைசியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ‘நாதம் நிற்கவே இல்லை.’ எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒரு தந்தியை மீட்டிவிட்டு, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வீணையின் காதை வைத்துக்கொண்டு பான்ஜோ செய்திருக்கிறீர்கள். தொல்லையெல்லாம் அதில்தான். பான்ஜோ அடிப்படையில் ஒரு தோல்கருவி, பறைக்குத் தந்தி கட்டினாற்போல. ஆட்காட்டி விரலின் நகத்தால் மேலிருந்து கீழே தந்தியை அடிக்கிறார்கள், மீட்டுவதில்லை. கை இறங்கும்போதே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, கை எழும்போது அதைச் சுண்டிவிடுகிறது. டம்-டிட்டி, டம்-டிட்டி. அந்த ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை, சுருதியில் மற்ற எல்லாவற்றையும்விட உயரம். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத்தந்தி இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடார் மலைக்கு வந்து சேர்வதற்கு முன் ஒரு ஃபிடிலும் ஒரு பான்ஜோவும்தான் முழுக் கச்சேரி. ஃபிடில் வில்லால் இழுத்து ஒலியை விடாமல் வைத்திருக்கும். அதன் பக்கத்தில் பான்ஜோவும் நீட்டி முழக்கினால் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவதால்தான் ஆடுகிறவர்களுடைய காலுக்கு அது தாளமாகிறது. நீங்கள் குறை என்று எழுதியிருப்பது அந்தக் கருவியின் வேலை.

ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஆட்டத்துக்காகத்தான். ஆட்டம் முடியும்வரை மெட்டு ஓடியாக வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுந்து போக முடியவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

‘வெள்ளைக்கார மலை விவசாயிகள்’ என்பதை மட்டும் சும்மா விட முடியாது. கையில் சுரைக்குடுக்கையை வைத்துக்கொண்டு எப்படியம்மா அந்த வரியை எழுதினீர்கள்? குடுக்கைக்குத் தோல் போர்த்தி, குட்டையான கட்டைவிரல் தந்தி கட்டி, நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் கருவி மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிறது. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோன்டிங் அப்படிப்பட்டதுதான்: மூன்று தந்தி, குடுக்கை, ஆட்டுத்தோல். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் நினைவில் இருந்த கருவிகள் அவர்கள் கையாலேயே கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் மறுபடி பிறந்தன. வெள்ளையர்கள் பான்ஜோவை மேடையில் பெரிய அளவில் எடுத்தது 1830, 40களில்தான். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தெற்கத்திப் பாட்டைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்து விற்றன: கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, வெள்ளையர்களுக்கு ஒரு வரிசை. கறுப்பர்களிடம் ப்ளூஸ் கேட்டார்கள், ஃபிடிலை வெள்ளையர் வரிசையில் போட்டார்கள். அந்த விற்பனைப் பட்டியலை வரலாறு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மெபேன். கறுப்பின ஃபிடில்காரர் ஜோ தாம்சன் அங்கே 2012 வரை இருந்தார். அவர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்ட இளைஞர்கள்தான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவாக வளர்ந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் குடுக்கை பான்ஜோவும் மலைக்காரர்களின் பான்ஜோவும் ஒன்றல்ல. குடுக்கை அதற்கு முந்தைய தலைமுறைகளுடையது. வட கரோலினா மலையில் ஃபிராங்க் பிராஃபிட்டும் ஸ்டான்லி ஹிக்ஸும் செய்தது முழுக்க மரத்தில்: வட்டமான பலகை உடம்பு, நடுவில் ஆறேழு அங்குலத்துக்கு ஓட்டை, அதில் சின்னதாக ஒரு தோல், ஃப்ரெட் (சுரத்துக்கான குறுக்குக் கம்பி) இல்லாத தண்டி. காசில்லாததால் செய்தார்கள் என்பதிலும் பாதிதான் உண்மை. சியர்ஸ் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலில் சில டாலருக்கே பான்ஜோ கிடைத்தது. பட்டியல் வந்த பிறகும் மலையில் பலர் மரத்தில் செதுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அந்த அடங்கிய, இருண்ட ஒலி அவர்களுக்கு வேண்டியிருந்ததால். சுத்தம் பார்த்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ரவுண்ட் பீக் பக்கம் ஃபிரெட் காக்கர்ஹாம் வாசித்த ஃப்ரெட் இல்லாத பான்ஜோவின் விரல் பலகை மேல் ஒட்டியிருந்தது சமையலறை மேசைக்கு ஒட்டும் ஃபார்மைக்கா. விரல் வழுக்கிக்கொண்டு போக அதைவிட நல்லது கிடைக்குமா!

சரி, தோலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் விரிவாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்குவது ஒரு பிரச்சினை, இரைவது இன்னொரு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். ஈரக்காற்றில் தோலின் நார் நீர் குடித்து நீள்கிறது, விறைப்பு குறைகிறது. விறைப்பு போனால் ஒலி மங்கும். அதே தோலின் மேல்தான் குதிரை நிற்கிறது. தோல் தொய்ந்தால் குதிரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிடும். குதிரை இறங்கினால் தந்தியும் இறங்கித் தண்டியில் படும். இதற்கு மருந்து வார்னிஷ் அல்ல, இரண்டு குதிரை. வெயில் நாளுக்கு அரை அங்குல உயரத்தில் ஒன்று, மழை நாளுக்கு முக்கால் அங்குலத்தில் ஒன்று. மேப்பிள் மரத் துண்டில் நீங்களே செதுக்கிக்கொள்ளலாம். அடிப்பக்கத்தில் மூன்று கால் விட்டு நடுவைக் குடைந்துவிடுங்கள், எடை குறையக் குறைய ஒலி கூடும். உச்சியில் தந்தி உட்காரும் பள்ளம் தந்தியின் பாதிக் கனத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழமானால் அங்கேயே ஒரு இரைச்சல் பிறக்கும்.

வார்னிஷ் பூசினால் தோல் கனத்துவிடும், விறைத்துவிடும், கொஞ்ச நாளில் பூச்சு வெடிக்கும். எண்ணெயும் கூடாது, தோல் ஊறிச் செத்துவிடும். பறைக்கு வைக்கோல் தீ மூட்டிக் காய்ச்சுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையிலும் அடுப்பருகே பான்ஜோவைக் காட்டித்தான் வாசிக்க உட்கார்வார்கள். உங்கள் வீட்டில் பழைய 60 வாட் குண்டு பல்பு போதும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, விரலால் தட்டிக்கொண்டே இருங்கள். ‘தொப்’ என்பது ‘டம்’ என்று மாறும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மூடிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். காய்ந்து இறுகிய தோல் ஆணி அடித்த இடத்திலிருந்து கிழியும்.

குதிரையை ஒட்டினீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். ஆறு வருடம் வீணை கற்றவருக்குத் தெரிய வேண்டாமா, குதிரையைத் தோலோடு இறுக்கி வைத்திருப்பது தந்தியின் அழுத்தம்தான் என்று? அது நகர்ந்துகொண்டே இருந்தது என்றால் தண்டியின் சாய்வு போதாமல் தந்தி அழுத்தவில்லை என்று பொருள். தண்டி இரண்டு மூன்று டிகிரி பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். ஒட்டியதைக் கத்தியால் நெம்ப வேண்டாம். தந்தியைத் தளர்த்திவிட்டுக் குதிரையின் காலடியில் ஈரத்துணியை அரை மணி நேரம் வையுங்கள். சாதாரண மரப்பசை என்றால் ஊறிக் கழலும். பிறகு தோலை நிழலில் ஒரு நாள் காய விடுங்கள்.

ஸ்டீல் தந்தியை இன்றே கழற்றிவிடுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத தண்டி அந்த இழுப்புக்கு வில்லாக வளையும். ஆணியில் நிற்கும் தோலும் அதைத் தாங்காது. நைலான் கட்டுங்கள். முதல் தந்திக்கும் ஐந்தாவதற்கும் ஏறத்தாழ 0.6 மி.மீ., தூண்டில் நைலானே போதும். வழக்கமான ஜி சுருதிக்கு இழுக்காமல் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கியே வையுங்கள், குடுக்கைக்கு அதுதான் பொருந்தும்.

காய்ந்த நாளிலும் இரைகிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. தண்டியின் கட்டை குடுக்கைக்குள் நுழைந்து வால்பக்கம் வெளியே வருகிறதல்லவா, அது உள்ளே தோலின் அடியில் உரசக்கூடும். குடுக்கையின் ஓட்டை வழியாக ஒரு காகிதக் கீற்றை விட்டு, தோலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பாருங்கள். சிக்கினால் கதை முடிந்தது. தோலைக் கழற்றிக் கட்டையை இன்னும் செதுக்க வேண்டும். கால் அங்குல இடைவெளியாவது வேண்டும், ஏனென்றால் மழைக்குத் தோல் தொய்ந்து கீழே வரும்.

கழற்றினால் மறுபடி போர்த்தும் முறை இது. ஆட்டுத்தோல் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். சுடுதண்ணீர் பட்டால் தோல் சுருங்கிப் பாழ். குடுக்கையின் ஓடு கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆணிக்கு முன்கூட்டியே துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓடு விரிசல் விடும். பித்தளை ஆணியை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று அடித்துக்கொண்டே போங்கள். கைக்கு இறுகினால் போதும், பல்லைக் கடித்து இழுக்க வேண்டாம். மீதி இறுக்கத்தைக் காயும்போது தோலே எடுத்துக்கொள்ளும். ஈரத்திலேயே முறுக்கினால் காய்ந்தபின் குடுக்கையின் வட்டம் கோணிவிடும். நிழலில் இரண்டு நாள், மின்விசிறி வேண்டாம். ஓரம் முந்திக் காய்ந்து நடுவில் சுருக்கம் விழும்.

மலைக்காரர்கள் தோலையும் கடையில் வாங்கவில்லை. தோட்டத்தைத் தோண்டித் தின்னும் கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில் இனத்து விலங்கின் தோல்தான் அவர்களுக்கு உசத்தி. சிலர் பூனைத்தோலும் போட்டார்கள். முடிப்பக்கம் விறகுச் சாம்பலை அப்பி, சுருட்டி, தண்ணீரில் சில நாள் போட்டுவைப்பார்கள். விரலால் இழுத்தால் முடி கையோடு வர வேண்டும், அதுதான் பதம். பதம் தப்பினால் சாம்பலின் காரம் தோலையே தின்றுவிடும். பிறகு மழுங்கிய கத்தியால் சுரண்டி, காரம் போகும்வரை பல தண்ணீர் மாற்றி அலசிக் கட்டுவார்கள்.

உங்கள் தண்டியில் ஃப்ரெட் வைக்காதது நல்ல காரியம். தெரிந்து செய்தீர்களா, சோம்பலில் விட்டீர்களா என்று கேட்கப் போவதில்லை. தோல் ஏறி இறங்கும் கருவியில் குதிரையை அங்குமிங்கும் நகர்த்த வேண்டிவரும். ஃப்ரெட் இருந்தால் ஒவ்வொரு முறையும் சுருதி தப்பும். இல்லாததால் காது பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம் காந்தாரம். பழைய மலை ஃபிடில்காரர்களின் ‘க’ சுரம் பல இடங்களில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். ஃப்ரெட் வைத்த தண்டியில் அந்த இடமே கிடையாது. வீணைக்காரியின் விரலுக்கு அதைத் தேடிப் பிடிப்பதில் என்ன கஷ்டம்? தந்தி நீளம் 25 அங்குலம் என்றால் ஐந்தாவது தந்தியின் பிரடை (முறுக்காணி) தலையிலிருந்து 6¼ அங்குலத்தில் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள், நீளத்தில் கால்வாசி.

ரெசனேட்டர் பான்ஜோ ப்ளூகிராஸ் என்ற வேகமான மேடை இசைக்கு. 1945 இறுதியில் பான்ஜோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தபிறகு மூன்று விரல் வாசிப்பு அந்த இசையின் முகமாயிற்று. ஒலியை முன்னால் எறியப் பின்பக்கத்தை மூடிய கருவி அதற்குத் தேவை. உங்களுக்குத் தேவையில்லை. நண்பருக்கு வணக்கம் சொல்லுங்கள். டல்சிமர் தனியாக வாசிக்க இனிமையான கருவி, ஏழெட்டுப் பேர் வட்டத்தில் அது காதிலேயே விழாது.

எந்தப் பதிவுகள் என்று கேட்டிருந்தீர்கள். ஃபிடில்காரர் டாமி ஜாரலும் காக்கர்ஹாமும் சேர்ந்து வாசித்தவை, பிறகு ஜோ தாம்சன், பிறகு 1925இலிருந்து சார்லி பூல் குழுவின் தட்டுகள். இப்போதைக்கு இவ்வளவு போதும். ஆகஸ்டில் வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935 முதல் நடக்கும் ஃபிடில் மாநாட்டுக்குப் போங்கள், காரில் எட்டிவிடும் தூரம்தான். மேடையைவிடக் கூடாரங்களுக்கு நடுவில்தான் அங்கே இசை. பான்ஜோவையும் எடுத்துப்போங்கள். அந்த மலையில் ஆகஸ்டில் மழை வரும், முக்கால் அங்குலக் குதிரையை மறக்காதீர்கள்.