கேளுங்கள், சொல்கிறோம்: காட்டாற்று வெள்ளம்

குற்றாலத்தில் வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வருகிறதே, எப்படி? (வாசகி, தென்காசி)

நீங்கள் நிற்கும் இடத்து வானத்துக்கும் அருவிக்கும் சம்பந்தமில்லை. மலை உச்சியில் பெய்வதுதான் கீழே விழுகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 கோடி லிட்டர். மேலே பாறைச்சரிவு, மண் ஏற்கெனவே நனைந்திருந்தால் உறிஞ்சவும் இடமில்லை. அத்தனையும் ஒரே ஓடைக்கு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அது சீசன்கூட இல்லை, கோடை மழை.

தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்குவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவது, இரைச்சல் கூடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் துணிமணி, செல்போன், செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறுங்கள். ஓடை போகும் திசையில் ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு. ஆற்றின் நடுவே இருக்கும் பாறையும் மேடு அல்ல, சுற்றிலும் தண்ணீர் ஏறினால் இறங்க வழியிருக்காது.

தரைப்பாலத்தில் முழங்கால் அளவுதானே போகிறது, பைக்கில் கடக்கலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

கூடாது. முழங்கால் வரை வேண்டியதே இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆள்கூட நிலை தடுமாறலாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பார்வைக்கு நேற்றுப் போன அதே அளவு தண்ணீர்தான் என்று தோன்றும், தள்ளும் விசை வேறாக இருக்கும்.

காரில் போகிறவர்களுக்குத் தைரியம் இன்னும் கூடுதல், ஆபத்தும் கூடுதல். சிறிய காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 5 முதல் 6 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தட்டைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 500 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தூக்கும். டயரின் பிடி போனபின் ஓரத்துக் கல்லோ கம்பியோ தடுக்காது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் உடைந்திருந்தாலும் தெரியாது. முன்னால் ஒரு லாரி போய்விட்டது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லாரியின் எடை உங்களிடம் இல்லை.

சிக்கிக்கொண்டால் பெல்ட்டை அவிழ்த்து, பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்குங்கள். வெளியே தண்ணீர் அழுத்தும்போது கதவு திறக்காது. பிள்ளைகளை முதலில் ஜன்னல் வழியே வெளியேற்றி வண்டிக்கூரை மேல் ஏற்றுங்கள்.

அணை திறப்பு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டால் போதாதா? (வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

போதாது. பாபநாசம், மணிமுத்தாறு அறிவிப்பு அந்த அணைத் தண்ணீரை மட்டும் சொல்லும். சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேர்கிறது. உங்கள் ஊருக்கு அதுவும் கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 மழையோ சமவெளியிலேயே கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ.

நம் குளங்கள் ஒன்றின் மறுகால் (நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழி) அடுத்ததற்குப் போகும்படி அமைந்தவை. மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளத்துக் கரையும் தாங்காமல் போகலாம். கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் கசிவைப் பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரைமண் உள்ளே அரிக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிட்டு, அடைக்க நிற்காமல் மேட்டுக்குப் போங்கள். மறுகாலில் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். போக வழியில்லாத தண்ணீர் கரையைத் தாண்டும், மண்கரை அதைத் தாங்காது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மின்சாரத்தை எப்போது நிறுத்துவது? (வாசகி, மேலப்பாளையம்)

வாசல்படிக்கு வருமுன்பே மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்சுக்கு 108.